ஈயின் நிழல்

அந்த வருஷம் எந்த மாலுக்குள் நுழைந்தாலும் ஒரு கூட்டம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. சுவரில் சட்டம் போட்ட பெரிய படங்கள். படம் என்று சொன்னேனே தவிர, அரிசியும் பருப்பும் மிளகும் கலந்து கொட்டினதுபோல் வெறும் புள்ளிகள்தான். முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் உள்ளேயிருந்து மீனோ குதிரையோ புடைத்துக்கொண்டு வருமாம். பெரிய ஆட்களெல்லாம் பையைக் கீழே வைத்துவிட்டு, வாய் பிளந்து, முன்னால் ஒரு எட்டு பின்னால் ஒரு எட்டு வைத்துப் பார்த்தார்கள்.

என் மனைவி சட்டென்று பிடித்துவிட்டாள். "மாமா, டால்ஃபினுங்க! எப்படித் துள்ளிட்டு வருது பாருங்க!" எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷனை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"ம்... தெரியுது, தெரியுது."

"எத்தன டால்ஃபின்? சொல்லுங்க பார்ப்போம்."

"நீதான் பார்த்துட்டியே புள்ள. அப்புறம் என்னையென்ன கேட்கிற?"

எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. என் கையைப் பிடித்து நின்ற மகளுக்கும் தெரியவில்லை. அப்போது அவளுக்கு நாலு வயது. "இட்ஸ் ஜஸ்ட் டாட்ஸ், அப்பா," என்றாள். "உத்துப் பாரு கண்ணு," என்று அம்மா சொன்னதும் அவள் கழுத்தை நீட்டி உற்றுப் பார்த்தாள். அப்போது அவளுடைய இடது கருவிழி மெல்ல மூக்குப் பக்கம் நகர்ந்து போனது. களைத்துப்போனாலும் உற்றுப் பார்த்தாலும் அது அப்படித்தான் போகும். எங்களுக்குப் பழக்கம்.

எங்கள் ஊர்ப் பக்கம் பெண் குழந்தைக்கு லேசாக மாறுகண் இருந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அதிர்ஷ்டம் என்பார்கள். இவள் கைக்குழந்தையாக இருக்கும்போது என் மாமனார் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாப்ள, இனி உங்களுக்கு ஏறுமுகந்தான்," என்று சொன்னார். சொல்லி வைத்ததுபோல் அதே வருஷம் என் மனைவிக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு அந்தக் கண்ணைக் குறை என்று யார் சொல்வது?

நான் பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, கோபியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவன். கட்டினது சொந்த மாமன் மகளை. அவள் கம்ப்யூட்டர் படித்தவள். ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் பக்கத்தில், மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். காலையில் அவள் ரயிலேறி மன்ஹாட்டனில் ஒரு பாங்குக்கு வேலைக்குப் போவாள். நான் வந்தது டிபெண்டென்ட் விசாவில். அதில் வேலை பார்க்கக் கூடாது. கை சும்மா இருந்தால் எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது. ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்து நடந்து எங்கள் கார்ப்பெட்டில் ஒரு தடமே விழுந்திருந்தது.

மகளைப் பள்ளியில் சேர்க்கும் முன் கண் பரிசோதனை வேண்டும் என்றார்கள். தலை நரைத்த, உயரமான ஒரு டாக்டர் அம்மா பார்த்தார். இடது கண்ணை மூடினபோது மகள் சும்மா இருந்தாள். வலது கண்ணை மூடினதும் டாக்டரின் கையைத் தட்டிவிட்டாள். மறுபடி மூடினால் அழுகை. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு எங்கள் மூவரையும் கூப்பிட்டு ஒரு அட்டையைக் காட்டினார். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஈயின் படம். கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு அந்த ஈயின் றெக்கையைக் கிள்ள வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

முதலில் என் மனைவி. கண்ணாடியை மாட்டினதும், "அய்ய, ச்சீ!" என்று நாற்காலியோடு பின்னால் போனாள். பிறகு சிரித்துக்கொண்டே கையை நீட்டி, அட்டைக்கு நாலு விரல் மேலே, வெறும் காற்றைக் கிள்ளினாள். அடுத்து மகள். அவள் விரல் நேராகப் போய் அட்டையில் பட்டது. "இட்ஸ் அ பிக்சர்," என்றாள், இது என்ன கேள்வி என்பதுபோல்.

"அப்பாவும் பார்க்கட்டும்," என்றார் டாக்டர், விளையாட்டாக.

நானும் மாட்டினேன். அட்டையில் ஒரு ஈ. கிள்ளினேன். என் நகம் அட்டையைச் சுரண்டிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"ஏனுங் மாமா, நெசமாவே தெரியலையா?" என்றாள் மனைவி. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "அப்ப அந்த டால்ஃபின்?"

நான் கண்ணாடியைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன். என் கண்களையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்த டாக்டர், எனக்கும் ஒரு கண் மங்கல் என்றார்.

இதைப் படிக்கிற பிள்ளைகள் ஒன்று செய்து பாருங்கள். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடுங்கள். பிறகு அதைத் திறந்து மற்றதை மூடுங்கள். விரல் தாவும். இரண்டு கண்ணும் இரண்டு வேறு படம் பார்க்கிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து, எது பக்கம் எது தூரம் என்று கணக்குப் போடுவது மூளை. கண்கள் ஒரே இடத்தைப் பார்க்காவிட்டால் இரண்டு படமும் பொருந்தாது. குழப்பம் வேண்டாம் என்று மூளை ஒரு படத்தைத் தள்ளிவிடும். தள்ளித் தள்ளி, கடைசியில் அந்தக் கண்ணில் பார்வையே மங்கிப்போகும். டாக்டர் சொன்னதை மனைவி எனக்கு இப்படித்தான் விளக்கினாள். டாக்டர் அதற்குச் சொன்ன பேர் 'லேஸி ஐ'. அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கண் சோம்பேறி இல்லை, அதற்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. என் கதையும் அதுதானே?

"எனக்குச் சரி பண்ண முடியுமா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"இந்த வயதில் முடியாது."

"என் பொண்ணுக்கு?"

"இப்போதே ஆரம்பித்தால் முடியலாம். ஒவ்வொரு வருஷமும் கதவு கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வரும்."

வைத்தியம் எளிமையானது. கண்ணாடி போட வேண்டும். தினமும் சில மணி நேரம் நல்ல கண்ணை ஒரு ஒட்டுத் துணியால் மூட வேண்டும். அப்போது மங்கின கண்ணுக்குக் கிட்டத்து வேலை ஏதாவது கொடுக்க வேண்டும். மணி கோர்ப்பது, வண்ணம் தீட்டுவது, எதுவானாலும் சரி. கிளம்பும்போது டாக்டர் என்னைப் பார்த்து ஒன்று சொன்னார். "ஓவியர்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்கள், உலகம் தட்டையாகத் தெரிய வேண்டும் என்று. உங்களுக்கு மூடாமலே தெரிகிறது. ஆனாலும் நீங்கள் இதுவரை எந்த லாரியிலும் மோதவில்லை. அப்படியானால் தூரத்தை வேறு எதையோ வைத்துத்தான் கண்டுபிடிக்கிறீர்கள்." ஆறுதலுக்குச் சொன்னார் போல. ஆனால் அது என் காலைக் கட்டிக்கொண்டது. எதை வைத்துக் கண்டுபிடிக்கிறேன்? சின்ன வயதில் கிரிக்கெட்டில் என் கைக்கு வந்த பந்தெல்லாம் நெஞ்சில்தான் விழும். டம்ளர் விளிம்பில் படாமல் என்னால் தண்ணீர் ஊற்ற முடியாது. எல்லோரும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

வீட்டில் போர் தொடங்கியது. ஒட்டுத் துணியை ஒட்டினால் மகள் பிய்ப்பாள். பிய்த்து டிவியில் ஒட்டுவாள், ஃபிரிட்ஜில் ஒட்டுவாள், ஒரு நாள் தூங்கிக்கொண்டிருந்த என் நெற்றியில் ஒட்டினாள். வெளியே போனால் நம் ஆட்களே நிறுத்திக் கேட்பார்கள். ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் பொட்லக்கில் ஒரு ஆன்ட்டி, "அடடா, லக்கி ஐயைப் போய் கரெக்ட் பண்றீங்களே!" என்றார். ஊரிலிருந்து மாமனார் போனில் கேட்டார்.

"மாப்ள, தானா வந்த அதிர்ஷ்டத்த யாராச்சும் வைத்தியம் பார்த்து வெரட்டுவாங்களா?"

"கண்ணு போயிடும்ங்கறாங்க மாமா."

"எனக்குத் தெரிஞ்சு மாறுகண்ணால யாருக்குங் கண்ணு போகல. கிரீன் கார்டு வர்ற நேரம். கொஞ்சம் பொறுங்க, கைக்கு வந்தப்புறம் பார்த்துக்கலாம்."

ரிசீவரை வைத்ததும் மனைவி நகத்தைக் கடித்தபடி நின்றாள். படித்தவள்தான். ஆனால் அந்த மாதம் அவள் பிராஜெக்டில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். "அவ பொறந்தப்புறம்தானே மாமா எனக்கு எல்லாமே," என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு ஒரே பதைப்பு. கதவு மூடிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொன்னாரே, அந்தச் சத்தம் எனக்கு நாள் முழுக்கக் கேட்பதுபோல் இருந்தது.

வாட்டர் கலர் டப்பா ஒன்று வாங்கி வந்து மகள் முன்னால் வைத்தேன். துணியை எடுத்தேன்.

"நோ. யூ டூ, அப்பா."

"அப்பாக்கு எதுக்கு சாமி?"

"யூ டூ!"

சரியென்று நானும் என் நல்ல கண்ணை மூடி ஒட்டிக்கொண்டேன். அப்போதுதான் அவள் ஏன் பிய்க்கிறாள் என்று புரிந்தது. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அவள் முகத்தில் கண் எது, புருவம் எது என்று தெரியவில்லை. அன்றைக்கு தோசை கருகியது. ஒற்றைக் கண் மூடின இரண்டு கடல் கொள்ளைக்காரர்களும் கருகின தோசையைத் தின்றுவிட்டு வரைய உட்கார்ந்தோம்.

எனக்கு வரையத் தெரியாது. எதிரில் தட்டில் காலையில் மீந்த இட்லி இருந்தது. இட்லி வரைந்தேன். வெள்ளைத் தட்டில் வெள்ளை இட்லி, அதாவது ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். சாயங்காலம் வந்த மனைவி பார்த்துவிட்டு, "என்னங் மாமா, நிலாவா? இல்ல வெள்ளச் சட்டைக்கு வெச்ச பட்டனா?" என்றாள்.

மறுநாள் துணியை எடுத்துவிட்டு, அந்தப் படத்தின் பக்கத்தில் தட்டில் ஒரு இட்லியை வைத்து முறைத்தேன். காகிதத்துக்கு ஆழம் கிடையாது. எனக்கும் கிடையாது. ஆனால் நான் தினமும் இட்லியைச் சரியாகத்தானே எடுத்து வாயில் போடுகிறேன்? எது எனக்கு அதைக் காட்டிக்கொடுக்கிறது? பார்க்கப் பார்க்கத் தெரிந்தது. இட்லியின் ஜன்னல் பக்கம் பளிச்சென்றும், மறுபக்கம் லேசாகச் சாம்பல் பூத்தும் இருந்தது. தட்டைத் தொடுகிற அடிவிளிம்பில் மெல்லிய நிழல், அதில் கொஞ்சம் நீலம். வெள்ளை என்று நான் நினைத்ததில் பாதிகூட வெள்ளை இல்லை. அந்த நீலத்தை அடியில் தீற்றினேன். வட்டம் உப்பி எழுந்து உட்கார்ந்தது.

அதன் பிறகு ஜன்னல் பக்கம் போனால் வேறு மாதிரி நடந்தேன். பக்கத்து மாடியின் தண்ணீர்த் தொட்டி பின்னால் இருக்கிற கட்டிடத்தை மறைக்கிறது, அதனால் தொட்டி பக்கம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மன்ஹாட்டன் கட்டிடங்கள் வெளுத்து நீலம் பூத்திருக்கின்றன, அதனால் அவை தூரம். தலையை ஆட்டினால் பக்கத்தில் இருப்பது வேகமாக நகர்கிறது. இவ்வளவும் என் மூளை எனக்குச் சொல்லாமல் செய்துகொண்டிருந்த வேலை! அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஒரு நாள் மகள் ஆரஞ்சுப்பழம் வரைந்தாள். நிழலைப் பழத்துக்கு அடியில் வைக்காமல் கை தவறி ரொம்பக் கீழே வைத்துவிட்டாள். அழிக்கலாம் என்று பிரஷை எடுத்தேன்.

"டோன்ட்! அப்பா, லுக்! இட்ஸ் ஃப்ளையிங்!"

ஆமாம். பழம் காகிதத்தை விட்டு எழும்பி நின்றது. நிழல் ஒட்டினால் பொருள் உட்காரும், நிழல் விலகினால் பொருள் பறக்கும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாம் பறந்தது. பஸ், செருப்பு, பக்கத்து வீட்டு நாய் எல்லாம்.

அவள் படங்கள் நாளுக்கு நாள் நன்றாக வந்தன. நல்லதாகப் பார்த்து நான் ஃபிரிட்ஜில் ஒட்டுவேன். கைதட்டுவேன். அடுத்த முறை டாக்டரிடம் போனபோது பெருமையாக ஒரு கட்டே கொண்டுபோனேன்.

ஆனால் அந்தக் கண் துளியும் முன்னேறவில்லை. எழுத்துகள் வரிக்கு வரி சின்னதாகிக்கொண்டே போகும் சார்ட்டில் அதே வரியில் நின்றது.

டாக்டர் படங்களை எடுத்துப் பார்த்தார். ஆரஞ்சின் மேல் மகள் எறும்பு வரிசை ஒன்று வரைந்திருந்தாள். எறும்புக்குக் காலெல்லாம் போட்டிருந்தாள். "இதையும் துணியை ஒட்டிக்கொண்டா வரைந்தாள்?"

"ஆமாங்க."

"அந்தக் கண்ணுக்கு இவ்வளவு சின்ன கால் தெரியாது."

வீட்டுக்கு வந்து கதவோரமாக நின்று கவனித்தேன். நான் சமையலறைக்குப் போனதும் மகள் முகவாயைத் தூக்கினாள். மூக்கின் ஓரம் துணி கொஞ்சம் தூக்கியிருந்த இடைவெளி வழியாக, நல்ல கண்ணால், கீழே பார்த்து வரைந்தாள். ஏன் என்று கேட்டேன். "யூ ஒன்லி க்ளாப் ஃபார் த குட் ஒன்ஸ்," என்றாள்.

நான் கைதட்டினதெல்லாம் தப்பான கண்ணுக்கு. மாதக்கணக்கில் போன நேரம் போனதுதான்.

ஃபிரிட்ஜில் இருந்த அத்தனையையும் எடுத்தேன். மளிகைக் கடை பழுப்புக் காகிதப் பைகளைக் கிழித்து விரித்து நடைவழியின் கடைசிச் சுவர் முழுக்க ஒட்டினேன். சுவருக்கு வெள்ளையடிக்கும் பிரஷை அவள் கையில் கொடுத்தேன். துணியைச் சுற்றிலும் விரலால் அழுத்தி, இடைவெளி இல்லாமல் ஒட்டினேன். "எறும்பு வேண்டாம் கண்ணு. பெரிசா வரை. அசிங்கமா வரை. எவ்வளவு அசிங்கமோ அவ்வளவு கைதட்டு." அவள் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு இறங்கினாள்.

திட்டுத் திட்டாக வந்தது. கிட்டே நின்றால் கறுப்பு ஒரு அப்பு, மஞ்சள் ஒரு அப்பு, பக்கவாட்டில் சிவப்பாக ஏதோ. என்னவென்று எனக்கே தெரியவில்லை. தெரியாமலே கைதட்டினேன்.

சாயங்காலம் மனைவி கதவைத் திறந்தாள். முகம் சரியில்லை. அன்றைக்கும் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மதியம் மாமனாரும் ஆபீசுக்கே போன் போட்டிருந்தாராம். "மாமா, கிரீன் கார்டு வர்ற வரைக்கும் இந்தத் துணிய..." என்று தொடங்கியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நடைவழியின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அது நானுங்களா?"

நான் போய் அவள் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. வாசலிலிருந்து பார்த்தால் திட்டுகள் ஒன்று சேர்ந்தன. கறுப்புக் கோட்டு, மஞ்சள் மஃப்ளர், ஒரு தோள் இறங்கித் தொங்குகிற சிவப்புக் கைப்பை. ரயிலிறங்கிக் களைத்து வருகிற அவள்தான்.

"எந்தக் கண்ணால போட்டா?"

"அந்தக் கண்ணாலதான்."

"இப்படித்தான் என்னைத் தெரியுதா அவளுக்கு, அந்தக் கண்ணுல?" மூக்கு, வாய் ஒன்றும் இல்லாத அந்த முகத்தின் கிட்டே போனாள், தூரம் வந்தாள், மறுபடி கிட்டே போனாள். புள்ளிப் படத்தின் முன்னால் நான் நின்றதுபோல.

பிறகு அவளே போனை எடுத்தாள். ஊரில் அப்போது விடிந்துகொண்டிருக்கும். "அப்பா, அதிர்ஷ்டம் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டுங்க. எம்புள்ளைக்கு என் மூஞ்சி தெரியோணும். இனி இதப் பத்திப் பேசாதீங்க." அந்தப் பக்கம் மாமனார் என்ன சொன்னாரோ. இவள், "சரிங்ப்பா, வெச்சிடறேன்," என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. பைகள் கிழிந்து புதுப் பைகள் ஏறின. மகள் பள்ளிக்கூடம் போய்வந்து ஒட்டிக்கொள்வாள், சில நாள் சண்டை, சில நாள் சமாதானம். சுவரில் அம்மாவுக்கு முதலில் கண் வந்தது, பிறகு வாய், கடைசியாக வளையல். சார்ட்டில் கண் சின்ன எழுத்துக்கு ஒரு வரி இறங்கும், இரண்டு மாதம் அங்கேயே நிற்கும், மறுபடி இறங்கும். என் விசா வேலை பார்க்கும் விசாவாக இன்னும் மாறவில்லை. மனைவியின் வேலை போகவும் இல்லை, நிலைக்கவும் இல்லை. எதுவும் முடிவுக்கு வராத வருஷம் அது.

ஒரு நாள் டாக்டர் மறுபடி அந்த அட்டையை எடுத்தார். மகள் கறுப்புக் கண்ணாடியை மாட்டினாள். "றெக்கையைக் கிள்ளு பார்க்கலாம்."

எனக்குப் பயமாக இருந்தது. அவள் எங்களுக்காகப் பொய் சொல்லிவிடுவாளோ என்று. நான் மாலில் சொன்னேனே, அதுபோல.

மகள் கையை நீட்டினாள். அட்டையைத் தொடும் முன் விரல் நின்றது. சட்டென்று கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். முகத்தைச் சுளித்து அம்மா மடியில் ஏறினாள்.

"ஐ டோன்ட் வான்ட் டு. இட்ஸ் கமிங் அவுட்."

சொல்லிக் கொடுத்து வருகிற பயம் இல்லை அது. மனைவி அவளை இறுக்கிக்கொண்டாள். டாக்டர் அடுத்து சின்னச் சின்ன வட்டங்களைக் காட்டினார். அவற்றில் எது மேலெழும்பி நிற்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. நுணுக்கமானது வரவில்லை, வராமலும் போகலாம், பெரியது வந்துவிட்டது, துணியை இன்னும் கொஞ்ச காலம் ஒட்டுங்கள் என்றார். எனக்கு அது போதும் என்றும் இருந்தது, போதாது என்றும் இருந்தது.

ரயிலில் வரும்போது கேட்டேன். "எப்படி இருந்துச்சு கண்ணு, அந்த ஈ?"

"இட் வாஸ்... அப்." கையால் காட்டினாள். "அட்டைலேர்ந்து மேல."

"எவ்வளவு மேல?"

மறுபடி கையால் காட்டினாள். அந்தக் கைக்கும் மடிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அது அவளுக்கும் தெரிந்துவிட்டது போல. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வண்ண டப்பாவை எடுத்தாள். சுவரில் ஒட்டின பையின் ஒரு மூலையில் ஈயை வரைந்தாள். கொழுத்த ஈ, கண்ணாடி மாதிரி றெக்கை. எழுந்து வந்து கிள்ளு என்பாள் என்று நினைத்தேன். இல்லை. பிரஷைக் கழுவி, நீலமும் கறுப்பும் குழைத்து, ஈயை விட்டு நன்றாகத் தள்ளிக் கீழே, சின்னதாக ஒரு நிழல் வைத்தாள்.

"நவ், அப்பா."

நான் கையை நீட்டினேன். என் விரல் காகிதத்துக்குக் கொஞ்சம் முன்னால் தயங்கி நின்றது.